கல்வியில் தொழில்நுட்பம்: திரையைப் பார்க்காதீர்கள், பிள்ளையைப் பாருங்கள்

1913-ம் ஆண்டு ஒரு நேர்காணலில் தாமஸ் ஆல்வா எடிசன் அடித்துச் சொன்னார்: பள்ளிகளில் இனிப் புத்தகங்களுக்கு வேலை இருக்காது, சலனப்படத்தின் மூலமே எல்லாவற்றையும் கற்பித்துவிடலாம், பத்தே ஆண்டில் பள்ளிக்கூட முறை அடியோடு மாறிவிடும் என்று. நூறு ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது. புத்தகமும் இருக்கிறது, ஆசிரியரும் இருக்கிறார். சலனப்படத்துக்குப் பிறகு வானொலி வந்தது, தொலைக்காட்சி வந்தது, கணினி, இணையம், ஸ்மார்ட்போன் என்று வரிசையாக வந்து, இப்போது செயற்கை நுண்ணறிவு (ஏஐ) வந்து நிற்கிறது. ஒவ்வொன்று வந்தபோதும் இதே பேச்சுதான் எழுந்தது. ஒவ்வொன்றும் சில இடங்களில் உண்மையிலேயே கைகொடுத்தது. ஆனால் பேசிய அளவுக்கு எதுவும் நடக்கவில்லை.

ஏன் இப்படி? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால், பிள்ளைக்கு எந்தச் செயலி நல்லது, ஆன்லைன் வகுப்பு பயன்படுமா, ஏஐயிடம் வீட்டுப்பாடம் கேட்கலாமா என்ற அன்றாடக் கேள்விகளுக்கும் பதில் ஓரளவு கிடைத்துவிடும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை. கணினி பற்றி முன்கூட்டியே எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதலில், கல்வித் தொழில்நுட்பம் என்றால் என்ன? லேப்டாப், டேப்லெட், ஸ்மார்ட் போர்டு ஆகியவைதான் பலருக்கு உடனே நினைவுக்கு வரும். உண்மையில் கற்பிக்கவும் கற்கவும் உதவும் எந்தக் கருவியும் இதில் அடங்கும். கரும்பலகையே ஒரு காலத்தில் புதுத் தொழில்நுட்பம்தான். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அது பள்ளிகளில் பரவத் தொடங்கியது. அதற்கு முன் பிள்ளைகளின் கையில் சிலேட்டு இருந்தது. ஆனால் ஒரு கணக்கை வகுப்பு முழுவதற்கும் ஒரே நேரத்தில் எழுதிக் காட்ட ஆசிரியருக்கு வசதி இல்லை. பெரிய பலகை ஒன்று சுவரில் ஏறியதும் அந்த வசதி வந்தது. ஒரு படியை எழுதி, நிறுத்தி, கேள்வி கேட்டு, அடுத்த படிக்குப் போக முடிந்தது. பலகையில் மின்சாரம் இல்லை, திரை இல்லை. ஆனால் வகுப்பறையில் ஆசிரியரும் மாணவரும் செய்யும் வேலையை அது மாற்றியது. பார்க்க வேண்டியது இதைத்தான். கருவி எவ்வளவு புதியது என்பது இரண்டாம்பட்சம்.

கல்வியில் தொழில்நுட்பம் செய்யும் வேலைகள் பல. பாடத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒரு வேலை. மாணவரைப் பயிற்சி செய்ய வைத்து, தவறைக் காட்டித் திருத்துவது இன்னொரு வேலை. கண்ணுக்குத் தெரியாததைக் காட்டுவது, உடல் குறைபாடு போன்ற தடைகளை நீக்குவது ஆகியவையும் உண்டு. இவை எல்லாம் ஒன்றுதான் என்று நினைக்கும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. பணமும் விளம்பரமும் பெரும்பாலும் முதல் வேலையைச் சுற்றியே போகின்றன. கற்றல் பெரும்பாலும் நடப்பது இரண்டாவதில்.

பாடம் வந்து சேர்ந்துவிட்டது, அப்புறம்?

பாடத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969-ல் தொடங்கப்பட்டு, 1971-ல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. வேலைக்குப் போகிறவர்களும் வீட்டைக் கவனிக்கிறவர்களும் அஞ்சலில் வந்த பாடநூல்களையும் வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளையும் வைத்துக்கொண்டு பட்டம் பெற வழி பிறந்தது. 2001-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடக் குறிப்புகளையும் வினாத்தாள்களையும் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் படிக்கலாம் என்று அறிவித்தது. அமெரிக்காவில் இருந்த சல்மான் கான் (நடிகர் அல்ல) 2004-ல் தொலைவில் இருந்த உறவுப் பெண்ணுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். 2006-ல் யூடியூபில் வீடியோ போட ஆரம்பித்தார். அதுதான் கான் அகாடமியாக வளர்ந்தது. நல்ல ஆசிரியர் கிடைக்காத ஊரில் இருக்கும் ஒருவருக்கு, நல்ல விளக்கம் ஒன்று எந்த நேரமும் கிடைக்கிறது என்பது மிகப் பெரிய விஷயம். புரியவில்லை என்றால் வீடியோவை நிறுத்தலாம், பின்னுக்கு இழுத்து மறுபடி கேட்கலாம். 'இன்னொரு முறை சொல்லுங்கள் ஐயா' என்று கேட்கக் கூச்சப்படும் பிள்ளைக்கு இது பெரிய விடுதலை.

ஆனால் சேர்ந்ததெல்லாம் கற்றதாகிவிடாது. 2011-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவுப் பாடம் ஒன்று இணையத்தில் இலவசமாகத் திறந்துவிடப்பட்டபோது சுமார் 1,60,000 பேர் பதிவு செய்தார்கள். முடித்தவர்கள் இருபதாயிரத்துச் சொச்சம் பேர். அந்த உற்சாகத்தில் பல நிறுவனங்கள் தொடங்கின. பல்கலைக்கழகங்களின் காலமே முடிந்துவிட்டது என்றுகூடப் பேசினார்கள். எம்ஐடியும் ஹார்வர்டும் நடத்திய இத்தகைய பாடங்களின் தரவுகளைப் பின்னர் ஆராய்ந்தபோது, பதிவு செய்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பாடத்துக்குள் நுழையவே இல்லை என்று தெரிந்தது. 2017-18-ல் பதிவு செய்தவர்களில் பாடத்தை முடித்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 3 பேர்தான்.

சும்மா எட்டிப் பார்க்க வந்தவர்களும் இந்தக் கணக்கில் இருக்கிறார்கள், ஆகவே எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பாடங்களே மோசம் என்று சொல்வது நியாயமல்ல. இருந்தாலும் ஒரு விஷயம் தெளிவாகிறது. உலகின் தலைசிறந்த பேராசிரியரே திரையில் வந்து பேசினாலும், கேட்பவர் தானாக எழுந்து உட்கார்ந்து, கணக்குப் போட்டு, தவறு செய்து, திருத்திக்கொள்ளும் வேலை அப்படியே மிச்சமிருக்கிறது. ரிச்சர்டு கிளார்க் என்ற ஆராய்ச்சியாளர் 1983-லேயே இதைச் சொல்லிவிட்டார். மளிகைச் சாமானைக் கொண்டுவரும் லாரியால் நம் உடம்புக்குச் சத்து கூடுவதில்லை, அதே மாதிரிதான் பாடத்தைக் கொண்டுவரும் ஊடகமும் என்பது அவர் வாதம். கொஞ்சம் கறாரான வாதம்தான். ஊடகம் மாறும்போது செய்யக்கூடிய வேலையும் மாறுகிறதே என்று பலர் அவருக்கு மறுப்பு எழுதினார்கள். எனக்கும் அந்த மறுப்பில் உடன்பாடு உண்டு. ஆனால் டேப்லெட் வாங்கிக் கொடுத்ததாலேயே பிள்ளை படித்துவிடும் என்ற நினைப்பு வரும்போதெல்லாம் கிளார்க்கை நினைத்துக்கொள்வது நல்லது.

அரையும் மூன்றில் ஒன்றும்

சரி, இரண்டாவது வேலைக்கு வருவோம். இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஒரு பிள்ளையிடம் 1/2 + 1/3 எவ்வளவு என்று கேட்கிறோம். அவள் 2/5 என்று எழுதுகிறாள். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து. உலகம் முழுக்கப் பிள்ளைகள் செய்யும் தவறு இது. நோட்டைத் திருத்தும்போது ஒரு சிவப்புக் கோடு போட்டு, பக்கத்தில் 5/6 என்று எழுதிவிடலாம். மறுநாள் அவள் அதைப் பார்ப்பாள், '5/6' என்று எழுதிக்கொள்வாள். அவள் மனத்தில் இருக்கும் விதி அப்படியே இருக்கும். அடுத்த கணக்கிலும் மேலதை மேலதோடு, கீழதைக் கீழதோடு கூட்டுவாள்.

இப்போது வேறு விதமாக யோசியுங்கள். அவள் 2/5 என்று எழுதிய அந்த நொடியிலேயே, 'உன் விடை பாதியைவிடப் பெரியதா, சிறியதா?' என்று ஒரு கேள்வி வருகிறது. அவள் யோசிக்கிறாள். ஐந்தில் இரண்டு, பாதியைவிடச் சிறியது. ஆனால் பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தோமே, எப்படிப் பாதியைவிடக் குறைந்தது? இந்த இடத்தில்தான் அவள் கற்கிறாள். பழைய விதி அவள் கண் முன்னாலேயே உடைகிறது.

பக்கத்தில் இருக்கும் பையன் 2/6 என்று எழுதுகிறான். அதுவும் தவறுதான், ஆனால் வேறு தவறு. கீழே பொது எண் 6 வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. மேலே உள்ள எண்களையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும் என்பதை விட்டுவிட்டான். அவனிடம் போய்ப் பாதியைவிடப் பெரியதா என்று தொடங்குவதைவிட, அரையை ஆறில் எத்தனை என்று எழுதலாம் என்று கேட்பது நேராக விஷயத்துக்குக் கொண்டுபோகும். ஒரே கணக்கு, இரண்டு தவறுகள், இரண்டு வேறு கேள்விகள். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் ஒரே ஆசிரியர் இதை ஒவ்வொருவருக்கும் அந்தந்த நொடியில் செய்வது முடியாத காரியம். அவர் திறமை குறைந்தவர் என்பதால் இல்லை, அவர் ஒருவர் என்பதால்.

நல்ல பயிற்சி மென்பொருள் நுழைய வேண்டிய இடம் இதுதான். இந்த எண்ணமும் புதிதல்ல. உளவியல் அறிஞர் பி.எஃப். ஸ்கின்னர் 1953-ல் தம் மகளின் கணக்கு வகுப்பைப் பார்க்கப் போனார். சில பிள்ளைகள் சட்டென்று முடித்துவிட்டுச் சும்மா இருந்தார்கள், சிலர் திணறினார்கள், யாருக்கும் தம் விடை சரியா என்று உடனே தெரியவில்லை. இது அவரை உறுத்தியது. அதன் பிறகு ஒவ்வொரு விடைக்கும் உடனே சரியா தவறா என்று காட்டும் இயந்திரத்தை உருவாக்கினார். இன்றைய செயலிகள் பலவற்றின் மூதாதை அது. ஆனால் அதற்குச் சரி, தவறு என்று மட்டுமே சொல்லத் தெரியும். ஏன் தவறு என்று சொல்லத் தெரியாது.

1984-ல் கல்வி உளவியல் அறிஞர் பெஞ்சமின் புளூம், தனி ஆசிரியரிடம் படித்த சராசரி மாணவர் ஒருவர், வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் நூற்றுக்கு 98 பேரை முந்தினார் என்று எழுதி, இதை எல்லோருக்கும் எப்படித் தருவது என்று கேட்டார். பின்னாளில் வந்த ஆய்வுகளில் தனிப் பயிற்சியின் பலன் அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை, ஆனாலும் கணிசமாகவே இருந்தது. 2011-ல் கர்ட் வான்லேன் என்ற ஆராய்ச்சியாளர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சுவையான ஒன்று வெளிப்பட்டது. கணக்கின் ஒவ்வொரு படியையும் கவனித்துத் திருத்தும் மென்பொருள்கள், தனி ஆசிரியருக்குக் கிட்டத்தட்ட இணையான பலனைத் தந்திருந்தன. கடைசி விடையை மட்டும் சரிபார்க்கும் மென்பொருள்கள் அவ்வளவு தரவில்லை. ஆகவே ஒரு செயலியைப் பார்க்கும்போது கேட்க வேண்டியது: பிள்ளை தவறு செய்தால் இது என்ன செய்கிறது? நட்சத்திரமும் கைத்தட்டலும் எல்லாச் செயலிகளிலும் உண்டு. தவறைப் பற்றி உருப்படியாக ஏதாவது சொல்கிறதா என்பதில்தான் தரம் தெரியும்.

இன்னொரு விஷயமும் உண்டு: நிலைக்கேற்ற பாடம். டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்துப் பள்ளி நேரத்துக்குப் பிறகு நடந்த பயிற்சியை முரளிதரன், சிங், கணிமியன் ஆகியோர் ஆராய்ந்து 2019-ல் வெளியிட்டார்கள். நடுநிலைப் பள்ளி மாணவர்கள் பலர் தம் வகுப்புக்குரிய நிலையிலிருந்து பல வகுப்புகள் பின்தங்கியிருந்தார்கள். வகுப்பிலோ அந்தந்த வகுப்புக்குரிய பாடம்தான் நடந்துகொண்டிருந்தது. அது அவர்கள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. மென்பொருள் ஒவ்வொருவரையும் சோதித்து, அவர் உண்மையில் நிற்கும் இடத்திலிருந்து தொடங்கியது. நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் அந்த மாணவர்கள் மற்றவர்களைவிடத் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். அங்கே கணினியோடு சிறு குழுவாக உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்க ஒரு மனிதரும் இருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மறக்காமல் இருக்க

பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தால் நன்றாக நினைவிருக்கும் என்று நினைக்கிறோம். 2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். கல்லூரி மாணவர்களுக்கு ஒரு கட்டுரையைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவு அதை மறுபடியும் படித்தது. இன்னொரு பிரிவு தாளை மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்கள்தான் கொஞ்சம் முன்னே இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ்: மறுபடி படித்தவர்களுக்கு நினைவிருந்தது 42 சதவீதம், நினைவிலிருந்து எழுதியவர்களுக்கு 56 சதவீதம்.

அதாவது உள்ளே போடுவதைவிட வெளியே எடுக்க முயல்வதுதான் நினைவைப் பலப்படுத்துகிறது. அந்த முயற்சியைக் கொஞ்சம் மறக்கத் தொடங்கும் நேரத்தில், இடைவெளி விட்டு விட்டுச் செய்தால் இன்னும் நல்லது. மறதி எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதை ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்து 1885-ல் எழுதிவிட்டார். 1970-களில் செபாஸ்டியன் லைட்னர், அட்டைகளைப் பெட்டிகளில் பிரித்து வைத்துப் படிக்கும் முறையைச் சொன்னார். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், அதை அடிக்கடி எடுக்க வேண்டியதில்லை. தவறாகச் சொன்னது முதல் பெட்டிக்குத் திரும்பும். எந்த அட்டையை எந்த நாளில் எடுக்க வேண்டும் என்ற கணக்குதான் மனிதருக்குச் சிரமம். ஆயிரம் சொற்களுக்கு அந்தக் கணக்கை யார் போடுவது? அங்கி (Anki) போன்ற இலவச மென்பொருள்கள் அதைத்தான் செய்கின்றன. கணக்குப் போடும் சலிப்பூட்டும் வேலையைக் கருவி எடுத்துக்கொள்கிறது, நினைவுக்குக் கொண்டுவரும் கடினமான வேலை மாணவரிடமே இருக்கிறது. எனக்குத் தெரிந்து தொழில்நுட்பமும் கற்றலும் இவ்வளவு சரியாக வேலையைப் பிரித்துக்கொண்ட உதாரணம் வேறு இல்லை.

காண முடியாததைக் காட்டுதல்

கம்பிக்குள் மின்சாரம் ஓடுவதை யாரும் பார்த்ததில்லை. ஒரு பல்பு எரிகிறது, அதே வரிசையில் இன்னொன்றைச் சேர்த்தால் இரண்டும் மங்குகின்றன. ஏன் என்பதைக் கற்பனை செய்துதான் புரிந்துகொள்ள வேண்டும். இயற்பியல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் என்ற திட்டத்தில் இதற்கான இலவச உருவகப்படுத்தல்கள் (திரையில் இயக்கிப் பார்க்கும் மாதிரிகள்) இருக்கின்றன. திரையில் கம்பியையும் பேட்டரியையும் இணைத்தால் எலக்ட்ரான்கள் நகர்வது தெரியும். மின்தடையைக் கூட்டினால் அவை மெதுவாவது தெரியும். 2005-ல் வந்த ஒரு ஆய்வில், நிஜக் கம்பிகளோடு பயின்றவர்களைவிடத் திரையில் பயின்றவர்களுக்கு விஷயம் நன்றாகப் புரிந்திருந்தது. நிஜக் கம்பியைக் கொடுத்து இணைக்கச் சொன்னபோதும் அவர்களே மேலாகச் செய்தார்கள்.

இதை வைத்துக்கொண்டு ஆய்வுக்கூடமே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கம்பி சரியாகப் பொருந்தாமல் பல்பு எரியாதபோது காரணம் தேடிக் கண்டுபிடிப்பதும் அறிவியல்தான். மின்சுற்று என்ற கருத்தைப் புரிந்துகொள்வதற்கு மட்டும் திரை நல்ல உதவி.

கதவு திறக்கும் இடம்

தொழில்நுட்பம் கல்விக்கு என்ன செய்தது என்று யாராவது சந்தேகத்தோடு கேட்டால், பார்வையற்ற மாணவர் ஒருவர் எப்படிப் படிக்கிறார் என்று பார்க்கச் சொல்லுங்கள். முன்பெல்லாம் அவருக்கு ஒரு புத்தகம் வேண்டுமென்றால் யாராவது படித்துக் காட்ட வேண்டும், அல்லது அது பிரெய்லில் அச்சாகியிருக்க வேண்டும். பிரெய்ல் புத்தகம் பருமனானது, எல்லா நூலும் அதில் வராது. இன்று திரைவாசிப்பான் என்ற மென்பொருள் திரையில் உள்ள எழுத்தைக் குரலாக மாற்றிச் சொல்கிறது. 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கி, ஜேம்ஸ் டே உடன் சேர்ந்து வளர்த்த என்விடிஏ இதில் முக்கியமானது. இருவருமே பார்வையற்றவர்கள். அப்போதிருந்த திரைவாசிப்பான்களின் விலை மிக அதிகம். இது இலவசம், உலகின் பல மொழிகளில் இயங்குகிறது.

ஆனால் இதிலும் ஒரு நிபந்தனை உண்டு. ஆசிரியர் புத்தகப் பக்கத்தைப் போட்டோ பிடித்துப் படமாக அனுப்பினால், திரைவாசிப்பான் பெரும்பாலும் 'படம்' என்றுதான் சொல்லும். அதே பாடத்தை எழுத்தாகத் தட்டச்சு செய்து அனுப்பினால் முழுவதும் படிக்கும். படங்களுக்கு ஒரு வரி விளக்கம் சேர்த்தால் அதையும் படிக்கும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பாடம் அனுப்பும் ஒவ்வொருவரும் இதை நினைவில் வைத்துக்கொண்டால், செலவே இல்லாமல் ஒரு மாணவருக்குப் பெரிய உதவி செய்தவர்களாவார்கள். காது கேளாதவர்களுக்கு வீடியோவில் வரும் எழுத்து வரிகளும், எழுத்துகளைப் பிரித்தறியச் சிரமப்படும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும் வசதியும் இந்த வகைதான்.

கருவி மட்டும் போனால்

2005-ல் நிக்கோலஸ் நெக்ரோபாண்டே, 100 டாலருக்கு ஒரு லேப்டாப், பிள்ளைக்கு ஒன்று என்ற திட்டத்தை அறிவித்தார். உள்ளே இருந்த எண்ணம் நல்லதுதான். பெரு நாடு லட்சக்கணக்கில் வாங்கி, கிராமப்புறப் பள்ளிகள் வரை கொடுத்தது. 2012-ல் அங்கே 319 பள்ளிகளில் நடந்த மதிப்பீட்டின் முடிவு வந்தபோது, கணக்கிலும் மொழிப்பாடத்திலும் மதிப்பெண் உயர்ந்ததற்கு அறிகுறி எதுவும் தெரியவில்லை. பிள்ளைகள் கணினியை நன்றாக இயக்கக் கற்றிருந்தார்கள். ஆனால் வகுப்பில் பாடம் நடக்கும் விதம் மாறவில்லை. லேப்டாப்பை வைத்து நாளைக் காலை எட்டாவது பாடத்தை எப்படி நடத்துவது என்று ஆசிரியர்களுக்கு யாரும் போதுமான அளவு சொல்லிக் கொடுக்கவில்லை.

இதற்கு நேர் எதிரான உதாரணம் ஒன்று போட்ஸ்வானாவில் நடந்தது. 2020-ல் கொரோனாவால் உலகம் முழுவதும் பள்ளிகள் மூடப்பட்டன. உச்சக்கட்டத்தில் 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் வீட்டில் இருந்தார்கள். அதே ஆண்டு யுனிசெஃப் வெளியிட்ட கணக்குப்படி, உலகில் பள்ளி வயதுப் பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினர் வீட்டில் இணைய இணைப்பே கிடையாது. ஆன்லைன் வகுப்பு என்ற பேச்சுக்கே அவர்களிடம் இடமில்லை. போட்ஸ்வானாவில் சாதாரண போனையே பயன்படுத்தினார்கள். சில குடும்பங்களுக்கு வாரம் ஒருமுறை எஸ்எம்எஸ்ஸில் கணக்கு அனுப்பினார்கள். வேறு சில குடும்பங்களுக்கு எஸ்எம்எஸ்ஸோடு, ஒருவர் போனில் அழைத்துப் பதினைந்து இருபது நிமிடம் பிள்ளையோடும் பெற்றோரோடும் அந்தக் கணக்கைப் பேசினார். எஸ்எம்எஸ் மட்டும் போன வீடுகளில் பெரிய மாற்றம் இல்லை. அழைப்பும் சேர்ந்து போன வீடுகளில் பிள்ளைகள் கணக்கில் முன்னேறியிருந்தார்கள். பழைய போன், விலை குறைந்தது, படம்கூடக் காட்டாது. ஆனால் மறுமுனையில் 'நீ எப்படிப் போட்டாய், சொல்லு பார்ப்போம்' என்று கேட்க ஒரு மனிதர் இருந்தார்.

ஏஐயிடம் கேட்கலாமா?

2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வெளியானது. அதுவரை இருந்த கருவிகளுக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. மற்றவை பாடத்தைக் கொண்டுவந்தன, பயிற்சி கொடுத்தன. இது மாணவர் செய்ய வேண்டிய வேலையையே செய்து கொடுத்துவிடும். கட்டுரை எழுதச் சொன்னால் எழுதும், கணக்கைக் கொடுத்தால் படி படியாகப் போட்டுவிடும். ஆசிரியரின் துணையாகவும் இருக்கலாம், மாணவரின் பதிலியாகவும் இருக்கலாம். எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்து நடந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு பிரிவுக்குக் கணக்குப் பயிற்சியின்போது சாட்ஜிபிடி போன்ற ஒன்றை அப்படியே கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு, விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி ஆசிரியர்களின் உதவியோடு கட்டுப்படுத்திய ஒன்றைக் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவுக்குப் புத்தகமும் நோட்டும்தான். பயிற்சி நேரத்தில், புத்தகத்தை மட்டும் வைத்துப் பயின்றவர்களைவிட முதல் பிரிவு 48 சதவீதம் மேலாகச் செய்தது, இரண்டாம் பிரிவு 127 சதவீதம். அப்புறம் ஏஐயை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். முதல் பிரிவு, புத்தகத்தோடு பயின்றவர்களைவிட 17 சதவீதம் கீழே போயிருந்தது. குறிப்பு மட்டும் பெற்றவர்களுக்கு அந்தச் சரிவு ஏறக்குறைய இல்லை.

இங்கே இன்னொரு கவலையும் உண்டு. விடையை வாங்கிக்கொண்டவர்கள், தாங்கள் குறைவாகக் கற்றதாக நினைக்கவில்லை. தெளிவான விளக்கத்தைப் படிக்கும்போது புரிந்துவிட்டது போல இருக்கும். அந்த உணர்வு உண்மையா என்று நாமே போட்டுப் பார்க்கும்வரை தெரியாது. ஆகவே ஏஐயைப் பயன்படுத்தும் மாணவருக்கு என் யோசனை இதுதான். முதலில் நீங்களே போடுங்கள், தவறாக இருந்தாலும் பரவாயில்லை. அப்புறம், 'நான் இப்படிப் போட்டேன், விடையைச் சொல்லாமல் எந்தப் படியில் பிசகியது என்று மட்டும் காட்டு' என்று கேளுங்கள். பாடத்தைப் படித்து முடித்ததும், 'இதிலிருந்து ஐந்து கேள்விகள் கேள், ஒவ்வொன்றாகக் கேள், நான் பதில் சொன்ன பிறகு அடுத்ததற்குப் போ' என்று சொல்லுங்கள். அது சொல்வதிலும் தவறு இருக்கும், சில நேரம் இல்லாத புத்தகத்தைக்கூட இருப்பது போலச் சொல்லும். முக்கியமான தகவலைப் பாடநூலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் தேவை.

கவனச் சிதறலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். படிக்கத் திறந்த அதே போனில்தான் விளையாட்டும் அரட்டையும் இருக்கின்றன. அறிவிப்புகளை அணைத்துவிட்டு, படிக்கும் நேரத்துக்கு ஒரு செயலி மட்டும் திறந்திருக்கும்படி வைத்தாலே பாதித் தொல்லை குறையும். அச்சில் படிக்கக்கூடியதை அச்சிலேயே படிக்கட்டும். பிள்ளையின் பெயர், முகம், இருப்பிடம் எல்லாவற்றையும் கேட்கும் செயலியைப் பற்றி, அந்தத் தகவல் எங்கே போகிறது என்று பள்ளியிடம் பெற்றோர் தயங்காமல் கேட்கலாம்.

புதிதாக ஒரு கருவி வீட்டுக்கோ பள்ளிக்கோ வரும்போது, விற்பவர் காட்டும் திரையிலிருந்து கண்ணை எடுத்து, அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பத்து நிமிடம் கவனியுங்கள். அவள் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறாளா, எதையாவது முயன்று பார்க்கிறாளா? தவறு செய்தபோது அவளுக்கு என்ன பதில் வந்தது? கடினமான பகுதியை யார் செய்தார்கள், அவளா கருவியா? அப்புறம் சாதனத்தை மூடச் சொல்லிவிட்டு, இப்போது படித்ததை ஒரு வெள்ளைத் தாளில் எழுதவோ உங்களுக்குச் சொல்லவோ சொல்லுங்கள். தட்டுத் தடுமாறியாவது சொல்லிவிட்டால் அந்தக் கருவியைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். சொல்ல வரவில்லை என்றால், இன்னும் இரண்டு மூன்று நாள் இதேபோல் கேட்டுப் பார்த்துவிட்டு, வேறு வழி தேடுங்கள்.